பிரித்துப் பிரித்துத் தைத்த சிட்டு

குளக்கரை அத்திமரத்தில் நூலி என்றொரு தையல்சிட்டு இருந்தது. இரண்டு இலைகளைச் சேர்த்து, அலகால் துளையிட்டு, சிலந்தி நூலால் தைத்துக் கூடு கட்டுவதில் அதற்கு இணை கிடையாது.

அந்த ஆண்டு நூலிக்கு ஓர் ஆசை வந்தது. 'ஒரு குறைகூட இல்லாத கூடு கட்ட வேண்டும்!'

உடனே வேலையைத் தொடங்கியது. ஒரு தையல் சற்றே சாய்ந்துவிட்டது. பிரித்தது. மறுபடி தைத்தது. அதுவும் பிடிக்கவில்லை. மறுபடி பிரித்தது.

அதன் துணைவன் நிமிர்வாலன் வாயில் புழுவோடு வந்தான். "கொஞ்சம் சாப்பிடு, நூலி!"

"நேரமில்லை!"

"அப்படியென்றால் நான் தைக்கிறேன். நீ ஓய்வெடு."

"நீயா? உன் தையல் கோணும்! பஞ்சை மட்டும் கொண்டு வா!"

நிமிர்வாலன் முகம் வாடிப் பறந்து போனான்.

பக்கத்துக் கிளையில் வரிச்சி என்ற அணில் தன் குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் வேடிக்கை பார்க்க வந்தன. "கிளையை ஆட்டாதீர்கள்! போங்கள்!" என்று நூலி சீறியது. அவை பயந்து ஓடின. முன்பெல்லாம் அந்தக் குட்டிகளோடு மணிக்கணக்கில் விளையாடிய சிட்டுதான் அது!

துளைமேல் துளை விழுந்ததில் ஒருநாள் இலை சர்ரென்று கிழிந்தது. நூலி அழுதது. வேறு இலைகளைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பித்தது. முட்டையிடும் நாளோ நெருங்கிவிட்டது. நூலி சரியாகத் தின்னவில்லை, தூங்கவில்லை. தைப்பதில் முன்பிருந்த சந்தோஷமும் போய்விட்டது.

ஒரு நண்பகலில் நூலிக்குக் கண் இருட்டியது. பொத்தென்று புல்லில் விழுந்தது. சற்றுத் தள்ளி ஒரு சாரைப்பாம்பு தலை தூக்கியது.

"பற, நூலி, பற!" என்று நிமிர்வாலன் கத்தினான்.

"இறக்கை எழவில்லையே!"

நிமிர்வாலன் பாம்பின் தலைக்கு மேல் படபடத்து அதைத் திசை திருப்பினான். அதற்குள் வரிச்சி பாய்ந்து இறங்கி, தன் குட்டியைத் தூக்குவதுபோல் நூலியை வாயில் மெல்லக் கவ்விக்கொண்டு மரமேறியது.

"உங்கள் குட்டிகளை விரட்டினேனே, அக்கா!" என்று நூலி தேம்பியது.

"அது கிடக்கட்டும். முதலில் சாப்பிடு!" என்றது வரிச்சி.

நிமிர்வாலன் ஊட்டிய புழுக்களைத் தின்றுவிட்டு நூலி கண் அயர்ந்தது. விழித்தபோது அவன் மீதிக் கூட்டைத் தைத்து முடித்திருந்தான். தையல் எல்லாம் கோணல்! நூலியின் அலகு துறுதுறுத்தது.

"அந்தத் தையலைப் பிரித்துவிட்டு..." என்று தொடங்கியது.

"உள்ளே உட்கார்ந்து பார். முட்டை விழுமா?" என்று வரிச்சி கேட்டது.

நூலி உள்ளே இறங்கி அசைந்து பார்த்தது. "அடியில் மட்டும் கொஞ்சம் தளர்ச்சி. மற்றபடி விழாது."

"அடியை இறுக்கு. மற்றதை விடு!"

நூலி அடிப்பக்கத்தைக் கெட்டியாகத் தைத்தது. மேலே ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு சிரித்துவிட்டது. "இருந்துவிட்டுப் போகட்டும்! வா, பூச்சி பிடிக்கப் போவோம்!" என்றது நிமிர்வாலனிடம். அவன் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே பறந்தான்.

மறுநாள் நூலி அந்தக் கூட்டில் முட்டையிடத் தொடங்கியது. சில நாளில் காற்றோடு மழை கொட்டியது. கூடு ஊஞ்சலாய் ஆடியது, ஆனால் தாங்கியது. பிறகு ஒரு காலையில் மூன்று குஞ்சுகள் வாய் திறந்து கத்தின. அணில் குட்டிகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தன. "மெதுவாகக் கூப்பிடுங்கள், பதில் சொல்வார்கள்!" என்று நூலி அவற்றுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.

எதில் குறை இருக்கக் கூடாதோ அதில் கவனமாக இருந்து, மற்றதை அப்படியே விட்டு, உண்டு உறங்கி உதவியும் ஏற்றுக்கொள்பவரே சோர்ந்து விழாமல் எடுத்த வேலையை முடிப்பார்.