வட்டில் முழுகிய வேளை

முன்னொரு காலத்தில், பேர் தெரியாத ஒரு நாட்டில், அரசர் பொன்னேர் பிடித்து முதல் சால் ஓட்டாமல் ஒரு குடியானவனும் வயலில் இறங்கமாட்டான். நல்ல வேளை வந்ததும் அரண்மனை மணிமண்டபத்தில் சேகண்டி ஒலிக்கும். அடிப்பவன் சாத்தன். துளையிட்ட செப்பு வட்டில் ஒன்று தொட்டி நீரில் மிதக்கும். துளை வழியே நீர் ஏறி அது முழுகும் கணத்தில் அவன் அடிக்கவேண்டும்.

அந்த ஆண்டு சேகண்டி ஒலிக்கவில்லை. ஏரைப் பிடித்தபடி அரசர் வெயிலில் நின்றதுதான் மிச்சம். சபையில் அவர் கொதித்துக்கொண்டிருக்க, விகடகவி உய்யவந்தான் வாயைப் பிளந்து, தலையைத் தொங்கப்போட்டு, சாத்தன் குறட்டை விடுவதுபோல் நடித்துக் காட்டினான். சபையே வயிறு குலுங்கச் சிரித்தது. அரசரும் சிரித்தார், சிரித்த வாயோடே, "பொழுது சாய்வதற்குள் அந்தத் தூங்குமூஞ்சி குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறட்டும்" என்றார்.

உய்யவந்தானுக்குச் சுருக்கென்றது. மணிமண்டபத்துக்கு ஓடினான்.

"தூங்கிட்டியா சாத்தா?"

"இல்லீங்க ஐயா. கண்ணு வட்டில் மேலதான் இருந்துச்சு. மனசுலதான் இடமில்ல. எப்பவும் இங்கயே இருக்கேன்னு போறவங்க வர்றவங்க எல்லாரும் எங்கிட்ட சேதி சொல்லிட்டுப் போறாங்க. யானைக்குக் கஷாயம், மடப்பள்ளிக்கு நெய், அமைச்சருக்குப் பல்லக்கு... மறந்துடக் கூடாதேன்னு முணுமுணுத்துட்டே இருந்தேன். வட்டில் முழுகினதைப் பார்த்தேன், ஆனா அது மனசுல படல." சற்றுத் தயங்கினான். "நீங்களும் ஒண்ணு சொன்னீங்க. ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேணாம்னு வீட்ல சொல்லச் சொல்லி."

ஆமாம், சொல்லியிருந்தான். அவமானத்தில் உய்யவந்தானுக்குக் காதெல்லாம் எரிந்தது.

அரசரிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவனைக் கண்டாலே ஆகாத அமைச்சர் பிரமராயர் குறுக்கிட்டார். "அரசே, இவ்வளவு பரிந்து பேசுகிறவர் மாலைவரை அங்கே அமரட்டும். சேகண்டியும் தவறக் கூடாது, ஒருவர் சொன்ன சேதியும் மறக்கக் கூடாது. தவறினால் இவரும் சாத்தனோடு போகட்டும்."

"நல்லது. தவறாவிட்டால் சாத்தன் இங்கேயே இருப்பான்" என்றார் அரசர்.

உய்யவந்தான் வட்டிலின் முன் அமர்ந்தான். முதலில் வந்தவர் பிரமராயரேதான், கூடை கூடையாகச் சேதியோடு.

"சேதி மறக்கக் கூடாது என்பது அரச ஆணை, அமைச்சரே. அது உங்கள் தலையில்தான் பத்திரமாக இருக்கிறது. மாலைவரை அதைச் சுமந்துகொண்டு இப்படி உட்காருங்கள். எழுந்து போனால் ஆணையை மீறியவர் நீங்கள்" என்றான், வட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அமைச்சர் விழித்தார், உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த யானை வைத்தியரும், அரசியின் தோழிகளும், சமையற்காரரும் உட்கார்ந்தார்கள்.

பொழுது சாயும் நேரம், பசி தாங்காமல் அரசரே மண்டபத்துக்கு வந்தார். அரண்மனை முழுதும் அங்கே அமர்ந்து அவரவர் சேதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வட்டில் முழுகியது, சேகண்டி கணீரென்றது. அரசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனிச் சாத்தனிடம் யாரும் சேதி சொல்லக் கூடாது என்று ஆணையிட்டு, தம் முத்துமாலையை உய்யவந்தானுக்குப் போட்டார்.

மாலையோடு வீடு வந்தான். மனைவி சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"காத்திருக்க வேணாம்னு சொன்னீங்களாமே? மத்தியானமே சாத்தன் வந்து சொல்லிட்டுப் போனாரு. பாவம், தலையில மூட்டையும், பின்னால பொண்டாட்டி பிள்ளைங்களுமா வந்தாரு. எந்த ஊருக்குன்னு கேக்கறதுக்குள்ள அரண்மனை ஆள் வந்து, மாலைவரைக்கும் வீட்லயே இருக்கணும்னு திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டான்."

உய்யவந்தானுக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முத்துமாலையைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு சாத்தன் வீட்டுக்கு நடந்தான். அதன் பிறகு சபையில் எத்தனையோ வேடிக்கை காட்டினான். குறட்டை மட்டும் விட்டதில்லை.