மந்திரியை வெட்டு!

வெகுகாலத்துக்கு முன்னே ஆனைமல்லூர்ச் சீமையை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சரியான சதுரங்கப் பைத்தியம். ஊஞ்சலில் சாய்ந்தபடி வாயால் சொல்வார். பணியாள் காயை நகர்த்துவான். வைத்த காயைத் திரும்ப எடுப்பதே அவருக்கு வழக்கம். சபையே வாய்க்குள் சிரித்தது. ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனி என் வாயிலிருந்து வந்த சொல் வந்ததுதான், திரும்பாது!" என்று தண்டோரா போட்டுவிட்டார்.

மறுநாள் எதிரே உட்கார்ந்தவர் மந்திரி அம்பலவாணர். ஊஞ்சலை ஒட்டி, எப்போதும்போல, தளபதி உறங்காப்புலி. மந்திரி பதவிமேல் அவனுக்கு நெடுநாளாகக் கண். ராஜாவின் தொடக்கம் ஊரறிந்தது: நடுக்காலாளைத் தள்ளுவார், பக்கத்துக் காலாளை இரை போடுவார், வழி திறந்ததும் குதிரையைப் பாய்ச்சுவார்.

"பக்கத்திலே நிற்கிறானே, அவனைக் கொடு. வெட்டுப்படட்டும்!" என்றார் ராஜா. அம்பலவாணர் அந்தக் காலாளை வெட்டி வெளியே வைத்தார். நாலைந்து நகர்த்தலுக்குப் பிறகு ஊஞ்சல் குலுங்க ஒரு கூச்சல்: "பாயட்டும் குதிரை! மந்திரியை வெட்டு!"

பணியாள் பலகையிலிருந்த மந்திரிக் காயைத் தொடுமுன் உறங்காப்புலி வாளை உருவிவிட்டான். "கட்டளை ஆயிற்று! ராஜா சொல் திரும்பாதே!"

"அடேய், நான் சொன்னது..." ராஜா பாதியில் நிறுத்தினார். தண்டோரா நினைவுக்கு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்பலவாணர் மனசுக்குள் புலம்பினார்: அட பாவி மனுஷா, காயைத்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்! வீட்டில் உமையாள் இலை போட்டுக் காத்திருப்பாளே. வாள் நெருங்கியது. அவர் கண் பலகையில் தவித்து அலைந்தது; வெளியே கிடந்த காலாளில் போய் நின்றது.

"ராஜா சொல் திரும்பக் கூடாது, சரிதான்," என்றார். "ஆனால் வரிசை உண்டே! என் தலைக்கு முந்தி ஒரு கட்டளை இருக்கிறது. 'பக்கத்திலே நிற்கிறானே, அவனைக் கொடு, வெட்டுப்படட்டும்' என்றீர்களே மகாராஜா? ஊஞ்சல் பக்கத்தில் காலையிலிருந்து நின்றது யார்?"

சபை மொத்தமும் உறங்காப்புலியைத் திரும்பிப் பார்த்தது. அவன் சட்டென்று வாளை உறையில் போட்டான்.

"ஐயையோ, அது காயைச் சொன்னதல்லவா!"

"அப்படியானால் என்னைச் சொன்னது?"

"அதுவும்... அதுவும் காய்தான் மகாராஜா, காயேதான்!"

ராஜாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "என் வீம்பு என் மந்திரியையே தின்னப் பார்த்ததே," என்று முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டார். அந்தக் கழுத்து இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அன்று முதல் அந்த அரண்மனையில் காயை 'வெட்டு' என்று யாரும் சொல்வதில்லை, 'எடு' என்பார்கள். உறங்காப்புலியோ, சதுரங்கப் பலகையை விரித்தாலே ராஜாவை விட்டுப் பத்தடி தள்ளிப் போய்த் தூண் மறைவில் நிற்பானாம்.