கார்புரேட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு

தெய்வானையின் ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொள்ள வந்த சீடருக்கு வயது அறுபத்தெட்டு. பெயர் நஞ்சப்பன். இயற்பியல் வாத்தியாராக இருந்து, இதே தெய்வானையைப் பதினோராம் வகுப்பில் பெயிலாக்கியவர். அதை அவள் மறக்கவில்லை. ஆனாலும் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

அவருடைய பழைய பியட் சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான். இன்னொரு தடவை நடுரோட்டில் நின்றால் காரை உடைக்கப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான்.

“பெட்ரோலும் காத்தும் அளவு தப்பியிருக்குங்க சார். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினாச் சரியாயிரும்.”

“அதை மட்டும் தொடாதே அம்மிணி.”

காரணம் அவளுக்கும் தெரியும். அதைக் கடைசியாகத் திருகியவள் அவர் மனைவி சௌந்தரம். இருந்தவரை காரை ஓட்டியதும் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அப்போதெல்லாம் சாருக்கு ஹாரன் அடிக்க மட்டும்தான் தெரியும். ஸ்க்ரூ நிற்க வேண்டிய இடத்துக்கு நேராக, கார்புரேட்டரில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் போய் ஆறு வருடம். பொட்டு அழிந்துவிடுமென்று கார்புரேட்டரைக் கழுவக்கூட அவர் யாரையும் விட்டதில்லை. சுற்றிலும் அழுக்கு அப்பிக் கிடந்தது.

தெய்வானை வாதாடவில்லை. எஞ்சின் சூடாகும்வரை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னாள். வந்ததும் ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தாள். கார் வேண்டுமா, பொட்டு வேண்டுமா, நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றாள்.

குனிந்து பொட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்க்ரூவைத் திருகினார்.

உள்ளே திருகத் திருக எஞ்சின் திணறியது. வெளியே எடுக்க எடுக்கக் குலுங்கியது. இரண்டுக்கும் நடுவில், பொட்டை விட்டுக் கால் சுற்று தள்ளி, சட்டென்று சீரானது.

பள்ளிக்கூடம் கிளம்பும் காலைகளில் சௌந்தரம் காரைக் கிளப்பிவிட்டு, வாசலில் அவருக்காகக் காத்திருக்கும் சத்தம் அது. அவர் அழுதார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

“சத்தம் அவளோடதுதான். ஆனா பொட்டை விட்டுத் தள்ளி வந்தாச்சே அம்மிணி. இனி இது அவ வச்சதில்லையே.”

தெய்வானை ஒரு துணியை டீசலில் தொட்டு, ஸ்க்ரூவைச் சுற்றி மெதுவாகத் துடைத்தாள். அவர் தடுக்க வந்து, பாதியில் நின்றுவிட்டார்.

சிவப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ரோஸ் பொட்டு இருந்தது. அந்தப் பக்கம் காப்பிக் கலரில் ஒன்று. இன்னும் கொஞ்சம் தள்ளி மங்கிப்போன ஊதா. அதையும் தாண்டி மறுபடி ஒரு ரோஸ். எல்லாமே நகப்பூச்சு.

“இதுல அம்மா வச்சது எதுங்க சார்?” என்றாள் தெய்வானை.