ஐம்பத்தொன்பது நாற்பது

"கோச், பத்து கிலோமீட்டர்ல அந்த ஐம்பத்தொன்பது நாற்பதை இந்த ஜென்மத்துல நான் தாண்டப் போறதில்ல. இந்த வாரத்தோட ஓட்டத்தையே விட்டுருதேன்."

சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர் பந்தயம் முடிந்த கையோடு லிங்கத்துரை சொன்னார். துறைமுகச் சாலை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறும்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பெயிண்ட் கடை. கோச் ஜெனிட்டாவுக்கு இருபத்து நாலு. அந்த ஓட்டக் கிளப்பில் எல்லோருக்கும் அவள்தான் வாத்தியார்.

"இன்னைக்கு என்னாச்சு அண்ணாச்சி?"

"மூணாவது கிலோமீட்டர்ல மூச்சு போச்சு. மிச்சத்தை நடந்து வந்தேன்."

"போன மாசம்?"

"அப்பவும் மூணுலதான்."

"அதுக்கு முந்தி?"

"ரெண்டரை."

பக்கத்தில் மீரான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். மொபைல் கடைக்காரன். அவனாவது சும்மா இருக்கிறதாவது.

"மூணு கிலோமீட்டர் வரைக்கும் அண்ணாச்சி புலி கோச். அதுக்கப்புறம் புலி ஷேர் ஆட்டோ தேடும்."

"நீ பழத்தைத் தின்னுல."

கிளப்பில் ஒரு கரும்பலகை உண்டு. பத்து கிலோமீட்டரை யார் யார் எவ்வளவு நேரத்தில் ஓடியிருக்கிறார்கள் என்று, அவரவர் பெஸ்ட் டைம் அதில் இருக்கும். ஓடியவர் வாயால் சொன்னால் போதும், எழுதிவிடுவார்கள். வாட்சைக் காட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது ஒரு பழக்கம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஓடியவர்கள் பந்தயத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டும்.

லிங்கத்துரை பெயருக்கு நேரே ஐம்பத்தொன்பது நிமிடம், நாற்பது விநாடி. எழுதி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக முன்வரிசைதான். விசில் அடித்ததும் இருபது வயதுப் பையன்களோடு பிய்த்துக்கொண்டு ஓடுவார். பிறகு நடப்பார்.

"ஒரு வழி சொல்லுங்க கோச். அதை எப்படித் தாண்டுறது?"

"அதை ஓடினது யாரு?"

"நான்தான்."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? ஓடின ஆள்கிட்ட கேளுங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

லிங்கத்துரைக்குக் கோபமான கோபம். இதென்ன பதில்? மாசா மாசம் சந்தா கட்டுவது இதைக் கேட்கவா?

கடைக்குப் போனார். ஒருத்தர் வெளிர் நீலம் கேட்டார். இவர் பச்சையைக் கலந்து கொடுத்தார். அந்த ஆள் திட்டிவிட்டுப் போனார்.

ஓடின ஆளிடம் கேட்பதாம். அப்படி ஓர் ஆள் இருந்தால்தானே கேட்க?

அதுதான் விஷயம். அவருக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பத்து கிலோமீட்டரை ஓடிய அன்றைக்கு அவர் வழியில் மூன்று தடவை நின்றார். இரண்டு தடவை தண்ணீருக்கு. ஒரு தடவை ஷூ கயிறு கட்ட. அவர் வாட்சில் ஒரு வசதி உண்டு. ஆள் நின்றால் அதுவும் நிற்கும், ஆள் ஓடினால் அதுவும் ஓடும். நின்ற நேரம் எதுவும் கணக்கில் ஏறவில்லை. புது வாட்ச். அப்படி ஒன்று அதில் இருப்பதே அன்று சாயந்திரம்தான் அவருக்குத் தெரிந்தது.

அதற்குள் ஒரு மணிக்குள் ஓடிவிட்ட சந்தோஷத்தில் கிளப் முழுக்க அல்வா கொடுத்தாகிவிட்டது. வயிற்றுக்குள் போன அல்வாவை எப்படித் திரும்பக் கேட்பது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பத்து கிலோமீட்டர் பந்தயம்.

ஐந்தரை மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். லிங்கத்துரை முன்னால் போனார். நின்றார். அப்புறம் திரும்பி நடந்தார். பின்வரிசைக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, வழி தெரியாம எங்க போறீங்க?" முன்வரிசையிலிருந்து மீரான் கத்தினான். "நம்ம இடம் இங்க!"

"நான் இங்க நிக்கேன். நீ ஓடு."

ஜெனிட்டா ஒரு தடவை பார்த்தாள். விசில் அடித்தாள்.

பின்வரிசை ஆட்கள் பேசிக்கொண்டே ஓடினார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. மூன்றாவது கிலோமீட்டர் வந்தது. மூச்சு இருந்தது. அட. ஐந்தாவது வந்தது. அப்போதும் இருந்தது. உப்பளத்துக்குப் பக்கத்தில் இரண்டு பையன்களைத் தாண்டினார். நேற்று தன்னைத் தாண்டிப் போன அதே பையன்கள். தண்ணீரை ஓடிக்கொண்டே குடித்தார். பாதி வாயில், பாதி சட்டையில். எட்டாவது கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் கால் வீசிப் பார்த்தார். கால் சொன்னபடி கேட்டது.

எல்லைக்கோட்டில் ஒரு பெரிய கடிகாரம் வைத்திருந்தார்கள். யார் நின்றாலும் அது நிற்காது.

அறுபத்தொண்ணு பன்னிரண்டு.

லிங்கத்துரை இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஆயுளிலேயே வேகமாக ஓடியது இதுதான். அதை ஒருத்தரிடமும் சொல்ல முடியாது.

பலகையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். புது பெஸ்ட் வந்தவர்களுக்குக் கைதட்டல் விழுந்தது. ஜெனிட்டா சாக்பீஸோடு ஒவ்வொரு பெயராக வாசித்தாள்.

"லிங்கத்துரை அண்ணாச்சி. இன்னைக்கு அறுபத்தொண்ணு பன்னிரண்டு. பழசு ஐம்பத்தொன்பது நாற்பது. மாத்த வேண்டாம். அடுத்து..."

"மாத்தணும்."

அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

"என்ன அண்ணாச்சி?"

"அதை அழிச்சிருங்க. அது நான் ஓடினதில்ல."

"பின்ன யாரு, உங்க மச்சானா?" என்றான் மீரான்.

லிங்கத்துரை சொன்னார். தண்ணீர், ஷூ கயிறு, வாட்ச், எல்லாம். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் ஒன்றும் விடாமல் சொன்னார். இனிமேல் யாரும் நம்மோடு பேச மாட்டார்கள் என்றுதான் நினைத்தார்.



"அப்ப நெசமாவே எங்களுக்கு அல்வாதான் குடுத்திருக்கீங்க!" என்றான் மீரான்.

குபீரென்று சிரிப்பு. லிங்கத்துரைக்கும் வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. வேர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

ஜெனிட்டா சிரிக்கவில்லை.

"நின்னதையும் சேத்தா அன்னைக்கு எவ்ளோ?"

"அறுபத்து நாலு இருக்கும்."

அவள் பழையதை அழித்தாள். அறுபத்தொண்ணு பன்னிரண்டு என்று எழுதினாள். கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள்.

லிங்கத்துரை பலகையைப் பார்த்தார். பழையதைவிட ஒன்றரை நிமிடம் மோசமான டைம். ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போன மாதிரி இருந்தது.

"கோச், இதைத் தாண்டிரலாம்."

"ம்."

"அடுத்த மாசமே தாண்டிரலாம்."

"தாண்டுங்க. இப்பத் தள்ளி உக்காருங்க, பலகை மறைக்குது."

அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அப்போதுதான் கவனித்தார். மீரான் சிரிப்பை நிறுத்தியிருந்தான். தன் மணிக்கட்டில் இருந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோச்..."

"என்ன?"

"அந்த வாட்ச் தானா நிக்கிறது... எல்லா வாட்ச்லயும் உண்டா?"

"ஏல, மொபைல் கடை வச்சிருக்கது நீயா, அவங்களா?" என்றார் லிங்கத்துரை.

மீரான் வாட்சைக் கழற்றினான். மெதுவாகப் பலகை பக்கம் நகர்ந்தான். அவன் பின்னால் இன்னொருத்தர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். எல்லாம் முன்வரிசை ஆட்கள்.

ஜெனிட்டா பலகை அழிக்கும் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

"தள்ளாதீங்க. ஒவ்வொருத்தரா வாங்க."