குடத்துக்குள் வந்த கரை

"ஆத்துல விழுந்த மண்ணு நிலமா, தண்ணியா?" முன்னொரு காலத்தில் ஓடக்காரி பேச்சாயியிடம் அவளுடைய சின்ன மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். அப்போது அந்த நாடே இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

கரைகள் கரைவதைக் கண்ட அந்நாட்டு அரசர், அதைத் தடுக்கத் திடீரென்று ஓர் ஆணை போட்டார். நிலத்தைத் தொட நில அதிகாரியின் அனுமதி ஓலை வேண்டும். நீரைத் தொட நீர் அதிகாரியின் ஓலை வேண்டும்.

பேச்சாயியின் குடிசை ஆற்றோரத்தில் இருந்தது. முளையடித்து, நாணல் நட்டுக் கரையைக் காக்க அவள் அனுமதி கேட்டாள்.

"அந்த இடம் நீருக்குள் போய்விட்டதே, அம்மா" என்றார் நில அதிகாரி.

"சேறு என் பொறுப்பில்லை" என்றார் நீர் அதிகாரி.

ஒரு மாதம் அலைந்தாள். ஆறு வாசற்படிக்கே வந்துவிட்டது.

"யாரைப் பாக்கணும்னே புரியல, சாமி" என்று அவள் அழ, அரசவை விகடகவி சீராளர் வழக்கை அரசரிடம் கொண்டுபோனார். அரசருக்கும் தலை சுற்றியது.

"இருவர் சொல்வதும் சரியாகத்தானே இருக்கிறது?"

சீராளர்மேல் பொறாமை கொண்ட அதிகாரிகள் முந்திக்கொண்டார்கள். "அந்த இடம் யாருடையது என்று நாளை அவரே பிரித்துக் காட்டட்டும், மன்னா. முடியாவிட்டால் அவையை விட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்" என்றார் அரசர்.

மறுநாள் சீராளர் ஒரு குடம் கலங்கல் நீரோடு வந்தார்.

"மன்னா, கரை இடிந்த இடத்தையே மொண்டு வந்திருக்கிறேன். அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும்."

நில அதிகாரி கைவிட்டுச் சேற்றை அள்ளினார்.

"ஐயா, விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுகிறதே! நீரைத் தொட ஓலை வாங்கினீர்களா?" என்றார் சீராளர்.

நீர் அதிகாரி ஒரு கிண்ணம் மொண்டார்.

"இதில் மண் இருக்கிறதே! நிலத்தைத் தொட உங்கள் ஓலை எங்கே?"

இருவரும் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்கள்.

"தெளியும்வரை பொறுக்கலாமே" என்று முனகினார் நீர் அதிகாரி.

"பொறுக்கலாம். அதற்குள் பேச்சாயியின் வீடும் இந்தக் குடத்துக்குள் வந்துவிடும்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கேயே இருவரையும் ஒரே ஓலையில் ஒப்பமிட வைத்தார். சீராளருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

மறுநாள் உச்சிப்பொழுது. ஓலை பெற்ற பேச்சாயி, முளைகளுக்கு மூங்கில் வாங்க மகளோடு அக்கரைக்குப் போயிருந்தாள். ஆளில்லாத கரையில் சீராளர் முழங்கால் சேற்றில் நின்று நாணல் நட்டுக்கொண்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் காய்ச்சலோடு வந்த ஒரு வழிப்போக்கனுக்குத் தன் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, பட்டினியோடு துடுப்புப் போட்டவள் பேச்சாயி. அவளுக்கு அது நினைவில்லை. அவருக்கு இருந்தது.

தூரத்தில் ஓடம் தெரிந்தது. கடைசி நாணலை ஊன்றி, கடவுளை நினைத்துக் கைகூப்பிவிட்டு, அவர் வேறு வழியாக நடந்தார்.