பிரிக்காமல் வைத்த உறை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பொய் என்றால் இப்போதே என் தொண்டையில் குழாயைச் செருகி வென்டிலேட்டரில் போட்டுவிடுங்கள்.

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹெப்சிபா என்றொரு மயக்கவியல் பேராசிரியை இருந்தார். அவர் ஐசியூவுக்குள் நுழைந்தால், அலறிக்கொண்டிருக்கும் மானிட்டர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். என் காதால் கேட்டது.

அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் இளவழுதி. குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் கண் விழிப்பவர்களில் சிலர், பெற்ற பிள்ளையையே யாரென்று தெரியாமல் பிதற்றுகிறார்களே, தூக்க மருந்தை மாற்றினால் அது குறையுமா?

யாருக்குப் பழைய மருந்து, யாருக்குப் புதியது என்று டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. எண் போட்டு ஒட்டிய உறைகள் வரிசையாக இருந்தன. நோயாளி சம்மதித்ததும் அடுத்த உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே எழுதியிருப்பதுதான் மருந்து.

மூன்று வருஷத்தில் நூற்றெண்பது உறைகளும் தீர்ந்தன. புது மருந்து அமோகமாக ஜெயித்திருந்தது. தாள்களோடு குருவின் அறைக்குப் போன இளவழுதி, மனசு உறுத்தியதால் ஒன்றைச் சொல்லிவிட்டார். எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்தால் உறைக்குள் இருக்கும் எழுத்து தெரியும். ஒரு பஸ் டிரைவரின் மனைவி, நல்ல மருந்தாகப் போடுங்கள் என்று அழுதபோது முதல் தடவை வைத்துப் பார்த்தாராம். பழைய மருந்து. அதை ஓரமாக வைத்துவிட்டு, புது மருந்து இருந்த அடுத்த உறையைப் பிரித்தாராம். அப்படிப் பதினொரு தடவை.

குரு கோபப்படவில்லை. அவரை ஐசியூவுக்கு அழைத்துப் போனார். காலையில் ஆபரேஷன் முடிந்த ஆறு பேர் படுத்திருந்தார்கள்.

"இதில் யாருக்கு உறையை மாத்தியிருப்பீங்க?"

"ரெண்டாவது கட்டில், அஞ்சாவது கட்டில்."

"ஏன்?"

"தேறிடுவாங்க, பார்த்தாலே தெரியுது. வெளியே ஆளுங்க வேற தவிச்சிக்கிட்டு நிக்கிறாங்க மேடம்."

ஆறு பேருக்கும் பழைய மருந்தே போகட்டும் என்றார் குரு.

மூன்றாம் நாள், காபியில் சூடு இல்லை என்று இருவர் நர்ஸோடு மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் இரண்டாவது கட்டில், மற்றவர் ஐந்தாவது. மீதி நால்வரில் இருவர் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

இளவழுதி மெல்லக் கேட்டார்.

"அந்தப் பதினொரு பேரை மட்டும் எடுத்துட்டா மிச்சம் நிக்குமா மேடம்? மூணு வருஷ உழைப்பு."

"டிரைவருக்கு வேண்டாம்னு ஓரமா வெச்சீங்களே, அந்த உறையை அடுத்து யாருக்குப் பிரிச்சீங்க டாக்டர்?"

அந்தப் பழைய மருந்து போனது செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு. கூட யாரும் வராததால் சம்மதத் தாளில் தானே கைநாட்டு வைத்தவள்.

இளவழுதி நடந்ததை நடந்தபடியே, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். முதலிலிருந்து தொடங்க அவர்கள் அனுமதி தந்த அன்றே வெளிச்சம் ஊடுருவாத வெள்ளித்தாள் வாங்கிவந்து, நூற்றெண்பது புது உறைகளுக்கு உள்ளே வைக்க வெட்டத் தொடங்கினார்.

யாராவது கேட்டால் எங்கேயோ படித்தேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். நான் சொன்னதாக மட்டும் வேண்டாம்.