அக்கரைக்குப் போகாத யானை

ஒரு காட்டில், ஆற்றின் இக்கரையில், ஒரே ஒரு யானைதான் இருந்தது. குட்டியாக இருந்தபோது அது கூட்டத்தைத் தவறவிட்டது. ஆறு ஒருமுறை வற்றியிருந்தபோது கூட்டம் அக்கரைக்குப் போய்விட்டது; அதன்பின் ஆறு வற்றவே இல்லை. மாலையானால் அங்கிருந்து பிளிறல் கேட்கும். யானை காதை விரித்துக் கேட்டுவிட்டு, தனியாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது.

ஆற்றில் யார் இறங்கலாம் என்று சொல்வது நீர்நாயின் வேலை. யாரும் கொடுத்ததல்ல, தானே எடுத்துக்கொண்டது. கரையில் ஒரு நீளக் கட்டையைக் குறுக்கு வேரின் மேல் வைத்து, ஒரு முனையில் பாறாங்கல்லை ஏற்றியிருந்தது. மறுமுனையில் ஏறும் விலங்கு கல்லைவிட லேசாக இருந்தால், "நீ போகலாம்" என்று சொல்லும். முயல் போனது. நரியும் போனது.

யானை ஒரு காலைத்தான் வைத்தது. கல் எகிறிப் போய்ப் புதரில் விழுந்தது.

"கல்லே தண்ணீரில் மூழ்கிவிடும். நீ கல்லைவிடக் கனம். அப்புறம் என்ன கேள்வி?" என்றது நீர்நாய்.

யானைக்கு அழுகை வந்தது. தண்ணீரிலேயே பிழைக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டது. வருஷங்கள் போயின.

ஒருமுறை சூறைக்காற்றில் பெரிய இலவமரம் ஒன்று கரையோரம் சாய்ந்தது. யானை முழுப் பலத்தோடு முட்டியும் அது அசையவில்லை. பிறகு வெள்ளம் வந்தது. மரம் சாவகாசமாக மிதந்து போயிற்று.

யானை ஒரு கூழாங்கல்லை எடுத்து ஆற்றில் போட்டது. அது உடனே மூழ்கியது.

"மரம் என்னைவிடக் கனம். அது ஏன் மூழ்கவில்லை?" என்று கேட்டது யானை.

"அது மரம். நீ யானை," என்றது நீர்நாய்.

"இல்லை. கல் தன் கனத்தைச் சின்ன உடம்புக்குள் திணித்து வைத்திருக்கிறது. மரத்தின் கனம் பெரிய உடம்பில் பரவியிருக்கிறது. என் உடம்பும் பெரிசுதானே?"

நீர்நாய் தண்ணீருக்குள் முங்கிப் போய்விட்டது.

வெள்ளம் வடிந்ததும் யானை பயந்துகொண்டேதான் இறங்கியது. தண்ணீர் கழுத்துவரை ஏறியது. கால்கள் தரையை விட்டன. தும்பிக்கையை மேலே தூக்கிக்கொண்டு அது மிதந்தது, நீந்தியது.

அக்கரையில் ஒரு பெண் யானை அதை முகர்ந்து பார்த்தது. "இத்தனை வருஷம் கூப்பிட்டோமே, கேட்கவில்லையா?"

"தினமும் கேட்டது. மூழ்கிவிடுவேன் என்று இருந்துவிட்டேன்."

"உனக்கு அங்கே துணை கிடைத்துவிட்டது என்றல்லவா நாங்கள் நினைத்தோம்," என்றது அது.

யானை கூட்டத்தின் நடுவில் போய் நின்றுகொண்டது.

நீதி: எடையை மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், அரைகுறை அளவை நம்பினால் வாழ்நாள் வீணாகும்.